குமிழி

கருவிழி கோணிப்போன என் கண்ணுக்கென்றே அளவெடுத்துச் செய்த லென்ஸ் அது. சின்னக் கிண்ணம்போல் இருக்கும். மருந்துத் தண்ணீரை நிரப்பி, நான் தலைகுனிய, கீழிருந்து ஒட்டவேண்டும். ஒரு காற்றுக்குமிழி புகுந்தாலும் எல்லாம் மங்கல்தான். என் கை நடுங்கும். மகன் செத்த பிறகும் மருமகள் முத்துச்செல்விதான் தினமும் போட்டுவிட்டாள். இன்று அவளைக் கூட்டிப்போக அண்ணன்காரன் ஆட்டோவோடு வந்துவிட்டான்.

"ஆடாம குனிங்க மாமா. ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி துள்ளுறீங்க."

போட்டாள். குமிழி இல்லை.

"சாயங்காலம் கழட்டிடுங்க. இல்லேன்னா கண்ணு புண்ணாயிடும்."

"திரும்ப வருவியா?"

"வராம எங்க போயிடப்போறேன்."

இப்படிச் சொன்னவர்கள் யாரும் வந்ததில்லை. ஆட்டோ தெருமுக்குத் திரும்புகிறவரை அவள் திரும்பிப் பார்க்காதது தெளிவாகத் தெரிந்தது.

இருட்டிவிட்டது. கண் எரிகிறது. கழற்றினால் நாளைக்குப் போட்டுவிட ஆளில்லை. கழற்றுகிற ரப்பர் குச்சி மடியிலேயே கிடக்கிறது.