பூசணியின் மாத்திரை

"மாத்திரை கேக்கலைன்னா வேற வழியில்லைங்க. மிச்சம் இருக்கிற தொடையையும் எடுத்துட வேண்டியதுதான்" என்றார் நாய் டாக்டர்.

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேஜையில் படுத்திருந்த பூசணியின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மூன்று காலில் நடக்கவே இன்னும் சரியாகப் பழகாத நாய். அதை மறுபடியும் மயக்க ஊசி போட்டு அறுப்பதா?

டீச்சரின் அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். அவர் பொதுவாகவே பேசுவதில்லை.

வேன் ஏறி நசுங்கிய பின்னங்காலை எடுத்ததோடு பூசணியின் தொல்லை தீரவில்லை. முதலில் தையல் போட்ட இடத்தில் நீர் கோத்து வீங்கியது. அதை ஊசி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். அடுத்து, கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பை எப்படியோ கழற்றிவிட்டுத் தையலை நக்கியே பிரித்தது. மறுபடி தைத்தார்கள். ஒருவழியாகப் புண் ஆறியது. கத்தல் மட்டும் நிற்கவில்லை. அசந்து தூங்கும்போதே துள்ளி எழுந்து, கால் இல்லாத பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தும்.

காலை எடுத்தாலும் அது போனது மூளைக்குத் தெரியாது, அறுபட்ட நரம்பு நுனி சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும் என்று டாக்டர் அப்போதே விளக்கியிருந்தார். இல்லாத பாதம் எரியும், குத்தும். வெறும் பிரமை இல்லை, நிஜமான வலி. அதற்கென்று நரம்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

டீச்சர் இதைச் சொல்லாத ஆளில்லை. ஆசிரியர் அறையில் சொல்லி, தானும் அழுது, கணக்கு டீச்சரையும் அழவைத்தாள். "இல்லாத காலு வலிக்குதாம், பாவம்" என்று பால்காரரைக்கூட நிறுத்திவைத்துச் சொன்னாள். வழுக்காமல் இருக்க ஹால் முழுக்க ரப்பர் விரிப்பு போட்டாள். அண்ணனின் மெத்தை பூசணிக்குப் போனது. அண்ணன் தரைக்கு வந்தார். அவளுக்கு நாய் மேல் இருந்த பாசத்தைக் குறை சொல்லவே முடியாது.

அண்ணன் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். வலது கையை முழங்கையோடு ரம்பத்துக்குக் கொடுத்த பிறகு, தனிக்கட்டையான அவருக்குத் தங்கை வீட்டைத் தவிரப் போக்கிடம் இல்லை. டீச்சர் பள்ளிக்கூடம் போன பிறகு பூசணிக்கு எல்லாம் அவர்தான். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து வெளியே நடத்திப் போவார். ரொட்டித் துண்டில் மாத்திரையை மறைத்து ஊட்டுவார். எல்லாம் ஒற்றைக் கையால். "வெட்டியாத்தானே உக்காந்திருக்கு, நாயையாவது பாத்துக்கட்டும்" என்று டீச்சர் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

அத்தனை செய்தும் கத்தல் குறையாமல்தான் இன்று மறுபடி இந்த மேஜைக்கு வந்திருக்கிறார்கள்.

"என்ன வேணா பண்ணுங்க டாக்டர், அதுக்கு வலி நின்னாப் போதும்" என்றாள் டீச்சர்.

நாளைக் காலையில் ஒன்றும் கொடுக்காமல் வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொன்னார் டாக்டர்.

"வெட்ட வேண்டாம் டாக்டர்."

சொன்னது அண்ணன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாத்திரை மேல தப்பில்லை. பூசணிக்கு அது முழுசாப் போகவே இல்லை. தினமும் பாதியைக் கடிச்சு நான் முழுங்கிட்டேன்."

டாக்டருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. டீச்சர் அண்ணன் மேல் பாய்ந்தாள்.

"நாய் மாத்திரையைத் திருடித் தின்ன உனக்கு நாக்கு கூசலையா? பக்கத்துலயே உக்காந்து அது கத்தறதைப் பாத்துக்கிட்டுதானே இருந்த?"

"தப்புதான்" என்றார் அண்ணன். "அது கத்தும்போதெல்லாம் நெஞ்சை அறுக்கும். ஆனா அந்தப் பாதி உள்ள போனாத்தான் என்னால எந்திரிச்சு அதைத் தூக்கவே முடிஞ்சுது."

டாக்டர் அப்போதுதான் அவருடைய காலிச் சட்டைக் கையைக் கவனித்தார். கோபம் இறங்கிவிட்டது.

"உங்களுக்கும் வலிக்குதா?"

"விரல் வலிக்குது டாக்டர். சுண்டு விரலை யாரோ பின்னால வளைச்சு முறுக்கற மாதிரி. இல்லாத விரல்தான்."

"வீட்டுல சொல்லலையா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார்.

"வந்த புதுசுலயே சொன்னேன். வேலைக்குப் போகாம இருக்க நல்ல சாக்குன்னு சொன்னா. சரி, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். பூசணிக்கும் இதே மாதிரின்னு நீங்க சொல்லி, இவ அதைக் கட்டிப் பிடிச்சு அழுதப்பதான், எனக்கு இருக்கறதும் வலிதான்னு எனக்கே நம்பிக்கை வந்துச்சு."

டாக்டர் டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார். மனிதர்களுக்கும் இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். அளவு மட்டும் வேறு. நல்ல நரம்பு டாக்டராகப் பார்த்து இவரைக் கூட்டிப்போனால் சரியாகிவிடும்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூசணியின் காதைத் தடவிக் கொடுத்தாள்.

"நல்லவேளை டாக்டர், புள்ளைக்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டாம்" என்றாள். "இனிமே மாத்திரையை நானே பீரோவுல வச்சுப் பூட்டிடறேன்."