பிறழ் சாட்சி

“பிறழ் சாட்சின்னா என்ன தாயி?” என்று கேட்டாள் மூக்காயி.

திண்டுக்கல் கோர்ட் வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரசு வக்கீல் சுகன்யா கேஸ் கட்டை மூடினாள்.

“போலீஸ்ல ஒண்ணு சொல்லிட்டு, கூண்டுல ஏறினதும் வேற சொல்றவங்க. நாங்க ஹோஸ்டைல்னு சொல்லுவோம். பேப்பர்காரங்க பல்டி சாட்சின்னு எழுதுவாங்க.”

“எங்க சாணார்பட்டிப் பக்கம் பேச்சு மாறின்னுவாக. ஈனப் பொழப்புக்கு இம்புட்டுப் பேரா?”

சுகன்யாவுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மனைவி தமிழ்மதியைக் கிணற்றில் தள்ளிக் கொன்றதாக முகேஷ்குமார் மேல் வழக்கு. அவனுடைய பங்காளிகள் சாட்சிகளான அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களை ஊர்க்கோயிலுக்குக் கூட்டிப் போய், சூடத்தை அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டார்கள். அதன் பிறகு எல்லோரும் “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று ஒரே பாட்டு. மிச்சம் இருந்தது மூக்காயியும், தமிழ்மதியின் அப்பா சடையாண்டியும்தான்.

மூக்காயியை நம்பத்தான் சுகன்யாவுக்குப் பயமாக இருந்தது. முகேஷ்குமார் அவள் பெற்ற ஒரே மகன்.

“உங்களையும் கோயிலுக்குக் கூப்பிட்டாங்களாம்மா?”

“கூப்புட்டாக. போகல. அவ ‘அத்தே’ன்னு கத்துனது இன்னமும் காதுக்குள்ள இருக்கு தாயி. நான் ஓடி வாரதுக்குள்ள தள்ளிட்டானே, பாவிப்பய.”

அந்த நேரம் சடையாண்டி வந்தார். தோளில் தமிழ்மதியின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்று போன வாய்தாவுக்கு வராதவர், ஆள் பாதியாகியிருந்தார். மூக்காயியின் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“உங்களத்தான் நம்பியிருக்கேன் சம்பந்தியம்மா. இந்தப் பச்ச மண்ணு மொகத்தப் பாத்து, யோசிச்சுச் சொல்லுங்க.”

மூக்காயி குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெண்ணைப் பறிகொடுத்தவர், கொன்றவனின் தாயைக் கும்பிட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று சுகன்யாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கூண்டில் மூக்காயி தடுமாறவில்லை.

“இவன்தான் தள்ளுனான். எங்கண்ணால பாத்தேன்” என்று மகனைக் கை நீட்டிக் காட்டினாள். சொல்லி முடித்ததும் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சுகன்யாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. இனிக் கவலை இல்லை. மகள் பட்ட பாட்டை அப்பன் வாயால் சொன்னால் போதும், கேஸ் நிற்கும்.

சடையாண்டி கூண்டில் ஏறினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“எம் மகளுக்கு அடிக்கடி தல சுத்தும்ங்க. தவறித்தான் விழுந்துட்டா. சம்பந்தியம்மாவுக்கும் மகனுக்கும் ஆகாது, அதான் இப்படிச் சொல்றாக. மாப்ள தங்கமானவரு” என்றவர், கடைசியாகச் சொன்னார்: “புள்ளைக்கு மாத்தாந்தாய் வரக்கூடாதுன்னு, வார தையில சின்னவளையும் அவருக்கே குடுக்குறோம்ங்க.”