மிச்சமான மூச்சு

பவளம் என்ற சிவப்பணு நுரையீரலில் மூச்சுக்காற்றைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். செல் செல்லாகப் போய்க் கொடுப்பதுதான் அவள் வேலை. அன்றைக்கு ஒரு மருந்துத்துளியும் கூட வந்தது.

"அக்கா, புற்றுக்கட்டிக்கு வழி காட்டு. அதை முடிச்சாதான் இந்த உடம்பு பிழைக்கும்."

கட்டிக்குள் சந்தெல்லாம் கோணல்மாணல். ஓரத்துப் புற்றுச்செல்கள் பவளத்திடம் மூச்சை வாங்கி வாங்கித் தின்று பெருகிக்கொண்டிருந்தன. மருந்து அவற்றை ஒரே பாய்ச்சலில் முடித்தது. அதனால் பவளத்திடம் ஒரு பொட்டலம் மிஞ்சியது. கட்டியின் நடுவரை அப்படி எதுவும் மிஞ்சிப் போனதே இல்லை. அங்கே ஒரு புற்றுச்செல் சுருண்டு கிடந்தது.

மருந்து திருதிருவென விழித்தது. "பெருகுறவனைத்தான் எனக்கு அடிக்கத் தெரியும். இவன் சும்மா கிடக்கானே! அக்கா, அந்த மூச்சை இவனுக்குக் கொடு. எழுந்திருக்கட்டும், அடிக்கிறேன்."

"எழுந்து ஓடிட்டான்னா?"

"கொடுக்கலைன்னா நான் போனப்புறம் எழுந்திருப்பான்."

செல் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "எனக்கு வேண்டாம் தாயி. பட்டினி பழகிப்போச்சு."

பவளம் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். மூச்சு கொடுத்தால் பிழைப்பார்கள் என்றுதான் இத்தனை நாள் சுமந்தாள். சாகடிக்கவும் அதையேதான் கொடுக்க வேண்டுமா? கை தானாகப் பொட்டலத்தை அவிழ்த்தது. வேண்டாம் என்ற வாய் ஆவென்று திறந்தது. பக்கத்தில் மருந்து கையை ஓங்கிக்கொண்டு நின்றது.

"சாப்பிடு," என்று ஊட்டினாள் பவளம். "இது உன்னை வாழவைக்கவா, இல்லை..."

"பவளம்! ஏய் பவளம்! எங்கேடி நின்னுட்டே?" என்று இதயம் கூப்பிட்டது.