மண்ணை வாரித் தூற்றியவள்

அந்தக் குட்டிக் கோளில் இருந்தது ஒரே ஒரு கப்பல்தான். கொழுந்தன் சுடலைமணி தாதுப் பெட்டிகளை அதில் அடைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினான். காய்ச்சலில் கிடக்கும் தன் கணவனையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி மன்றாடி அலுத்துவிட்டாள் பூரணி.

"பாரம் தாங்காது மதினி. அண்ணனை நீங்களே வச்சுக் கும்பிடுங்க" என்று அவள் தலைக்கவசத்துக்குள் அவன் குரல் கேட்டது. கப்பல் கதவு சாத்திக்கொண்டது.

பூரணி ஊர் வழக்கப்படி குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி, "நாசமாப் போவீரு!" என்று கப்பல்மேல் தூற்றினாள். தரையோடு பிணைத்த இடுப்புக் கயிறு இல்லையென்றால் அவளும் கூடவே பறந்திருப்பாள்.

தூற்றிய மண் கீழே விழவில்லை. அந்தத் தரைக்கு எதையும் இழுத்து வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. சரளையும் புழுதியும் கப்பலில் பட்டுத் தெறித்து, ஈக்கூட்டம் போல அதைச் சுற்றி மிதந்தன. எதிரே எதுவும் தெரியாமல் கப்பல் கிளம்ப மறுத்து முனகி நின்றது.

"ஏ மதினி, கிறுக்கா பிடிச்சிருக்கு? இந்தப் புழுதி அடங்க அரை நாளாகுமே!"

ஒரு கை மண் கப்பலையே நிறுத்திவிடும் என்று பூரணிக்கு அதுவரை தோன்றவில்லை.

"நான் அடங்க விட்டாத்தானே, கொழுந்தனாரே" என்றாள். "பெட்டிய இறக்கிட்டு உங்க அண்ணனைத் தூக்கும்."

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தாள்.