மாலாங் ஆப்பிள் வறுவல்

“போட்டோ எடுத்துக்கோ. ஆனா எங்கயும் போட்டுடாத.”

நிங்ரும் காபிக் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த சியோக் லின் கைபேசியைக் கீழே வைத்தாள்.

“புருஷனுக்குத் தெரியாம எவனோடயோ ஓடி வந்தவ மாதிரி இருக்குடி உன் லட்சணம்.”

“புருஷனுக்குத் தெரியும். ஆபீசுக்குத்தான் தெரியக் கூடாது.”

பினாங்கில் காலை எட்டு மணி. சியோக் லின் வீட்டுத் தெருமுனைக் காபிக்கடையில் இருந்தார்கள். ஒரு காலத்தில் கோலாலம்பூரில் ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தவர்கள். இப்போது நிங்ரும் இருப்பது இந்தோனேசியாவில், சுராபாயாவில்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் அவள் இங்கே வந்திருக்கிறாள். அதை வந்த கணக்கில் சேர்க்க முடியாது.

சுராபாயாவில் ஒருவர் வெளியூர் போனால், திரும்பும்போது அலுவலகம் முழுவதற்கும் அந்த ஊர்ப் பண்டம் வாங்கி வர வேண்டும். வெளிநாடு என்றால் பண்டத்தோடு நிற்காது, பட்டியல் வரும். போன தடவை அவளிடம் பதினோரு பட்டியல்கள் இருந்தன. பக்கத்து மேஜை லஸ்த்ரி அம்மாவுடையது மட்டும் மூன்று பக்கம். செருப்பு வாங்க அளவு வேண்டுமே என்று, காகிதத்தில் வலது காலை வைத்து வரைந்து வெட்டியும் கொடுத்திருந்தார். அந்தக் காகிதக் காலோடு தோழிகள் இருவரும் ஒன்பது கடை ஏறி இறங்கினார்கள். அப்படி வாங்கிப் போன செருப்பும் அவருக்குப் பொருந்தவில்லை. மற்ற நேரமெல்லாம் தைலம், காபித் தூள், பிஸ்கட். மூன்று நாளும் அவர்கள் பேசியது பெட்டியின் எடையைப் பற்றித்தான்.

வழியனுப்பும்போது சியோக் லின் சொன்னதை நிங்ரும் மறக்கவில்லை. “நீ என்னைப் பாக்க வரல. அடுத்த தடவையும் இப்படித்தான்னா, வராத.”

ஆகவே இந்தத் தடவை நான்கு நாள் விடுமுறை வந்ததும் யாருக்கும் மூச்சு விடவில்லை.

“கேட்டா என்ன சொல்லப் போற?” என்றாள் சியோக் லின்.

“மாலாங். சித்தி வீடு.”

மாலாங் சுராபாயாவிலிருந்து இரண்டு மணி நேரம். அதற்கெல்லாம் யாரும் பட்டியல் தர மாட்டார்கள். ஆனால் வெறும் கையோடும் திரும்ப முடியாது. மாலாங் போனவர் ஆப்பிள் வறுவல் கொண்டுவந்தாக வேண்டும். அதற்கும் நிங்ரும் வழி செய்திருந்தாள். அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் பெரிய பொட்டலம் ஒன்று வாங்கி, மூலையில் இருந்த ரோஸ் நிற விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தாள். சீட்டு முழுசாகப் போகவில்லை. நகம்தான் போனது.

ஒடிந்த நகத்தைக் காட்டினாள். சியோக் லினுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் பேசும் குரல் கேட்டது. அசல் சுராபாயாப் பேச்சு. நிங்ரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கமும் பேச்சு நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது மேஜையில் பாதி குடித்த இரண்டு காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

அதற்குப் பிறகு பயம் விட்டுப்போனது. படகில் ஏறி அக்கரை போய், அங்கே ஒரு வேலையும் இல்லாததால் அடுத்த படகிலேயே திரும்பினார்கள். தேங்காய்ப்பால் சோற்றை இலையோடு வாங்கிக் கடற்கரை மதிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மத்தியானம் தூங்கினார்கள். சியோக் லின் தன் விவாகரத்தைப் பற்றி முதல் தடவையாக வாய் திறந்தாள். நிங்ரும் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள் சியோக் லின். இறகு போல இருந்தது.

“இது மாதிரின்னா எப்ப வேணா வா” என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், அலுவலகச் சாப்பாட்டு மேஜையில் ஏற்கனவே கிடந்த பைகளுக்கு நடுவே நிங்ரும் பொட்டலத்தை வைத்தாள்.

“மாலாங் போயிருந்தேன். சித்தி கொடுத்து விட்டாங்க.”

லஸ்த்ரி அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். “மாலாங்கா? நானும் அங்கதான இருந்தேன். அண்ணன் வீட்டுல.”

எந்தத் தெரு என்று ஒரு கேள்வி வந்தால் தீர்ந்தது. பொய் வெளிப்பட்டால் அடுத்த பயணத்துக்குப் பட்டியல் இருபதாகும். நாமே முந்திக்கொள்வோம் என்று நிங்ரும் நினைத்தாள்.

“சனிக்கிழமை என்ன மழைம்மா அங்க.”

மழை பெய்ததா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

லஸ்த்ரி அம்மா ஒரு நொடி விழித்தார். “ஆமாமா. வெளிய தலை காட்ட முடியல.”

“எங்க மாமியார் வீட்டு வாசல்ல முழங்கால் தண்ணி” என்றார் மேலாளர் ஹர்த்தோனோ. அவரும் மாலாங் போயிருந்தாராம். வரவேற்பில் இருக்கும் யூலியும் தலையாட்டினாள். ஓட்டுநர் சுகெங் இன்னும் ஒரு படி மேலே போய், தன் கண் முன்னால் ஆலங்கட்டி விழுந்ததாகச் சொன்னார்.

பிறகு நால்வரும் அவரவர் பையைத் திறந்து, கொண்டுவந்ததை வெளியே எடுத்து வைத்தார்கள். நிங்ருமுடையதோடு சேர்த்து மேஜையில் ஐந்து பொட்டலம் ஆப்பிள் வறுவல்.

நிங்ரும் தன்னுடையது எது என்று தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. ஐந்திலும் அதே மூலையில், யாரோ நகத்தால் சுரண்டி மிச்சம் விட்ட ரோஸ் நிறம்.

லஸ்த்ரி அம்மா, காலில் கச்சிதமாகப் பொருந்தியிருந்த புதுச் செருப்பை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.