தானாக ஓடும் ஃபேன்

தெரியாத விஷயத்தில்தான் வீட்டுக்காரருக்குக் குரல் உயரும்.

"வண்டி ஷெட்டுல சும்மா நிக்குதுப்பா. ஃபேன் மட்டும் தானா ஓடி பேட்டரியைக் காலி பண்ணுது. போன தடவை வந்த மெக்கானிக் ஒரு தண்டம். நீயாவது உருப்படியா பாரு."

காரின் பானெட்டுக்குள் ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது.

"கொஞ்ச நேரத்துல அதுவே நின்னுடும்ங்க" என்றாள் மனைவி.

"வந்துட்டா இன்ஜினியர்! சைக்கிளை உருட்டத் தெரியாது, பேச்சைப் பாரு. டார்ச்சை நேரா பிடி. அதுக்காவது லாயக்கா இரு."

மெக்கானிக் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். "இந்த இடுக்குல சுவத்துல உரசாம எவ்வளவு நேரா நிறுத்தியிருக்கீங்க சார்!"

வீட்டுக்காரரின் நெஞ்சு நிமிர்ந்தது. "கைப்பழக்கம்ப்பா. இவளுக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது."

ரேடியேட்டரைத் தொட்ட மெக்கானிக் கையை உதறினான். "ஃபேன்ல கோளாறே இல்லை சார். இன்ஜின் கொதிக்குது, அதான் ஓடுது. இப்பதானே ஓட்டிட்டு வந்தீங்க?"

"நானா? ஒரு வாரமா ஆபீஸ் பஸ்லதான்பா போறேன். வண்டியைத் தொடவே இல்லை!"

"அப்ப, இவ்வளவு நேரா நிறுத்தினது யாரு?"

வீட்டுக்காரர் மெல்லத் திரும்பினார். மனைவி டார்ச்சை அவர் கையில் திணித்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள்.

"கடைத்தெரு நெரிசல்ல மட்டும் ஓட்டினா பேட்டரி எப்படி ஏறும்? இனிமே தூரமாவே போயிட்டு வரேன். நீங்க டார்ச்சை நேரா பிடிங்க."