அந்த மகராசன்

படிக்கிணற்றுக்குள் வெயில் பாதிவரைதான் இறங்குகிறது. அதற்குக் கீழே நிழல், ஈரம், பாசி வாசம், எங்கோ மாடத்தில் புறா குனுகும் சத்தம். தூர்ந்து கிடந்த கிணற்றைச் சீர்படுத்த வந்திருக்கும் கல்தச்சன் மேல்படியில் உட்கார்ந்து உளியைத் தீட்டுகிறான். கீழே அவன் மனைவி நார் பிரஷால் படிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருகிறாள். ஒரு படியில் அவள் கை நிற்கிறது. அதன் விளிம்பை உள்ளங்கையால் தடவுகிறாள். அவன் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவள் அவனை இவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை.

"எந்த மகராசன் செதுக்கினானோ. அந்தக் காலத்து ஆளுங்க கையே கைதான்."

உளி கிறீச்சிடுகிறது. காலையிலிருந்து இதே பாட்டு. தூணைப் பார்த்தாலும் அந்த மகராசன், மாடத்தைப் பார்த்தாலும் அந்த மகராசன். எலும்புகூட மிஞ்சாத ஒருவன்மேல் அவனுக்கு வயிறு எரிகிறது. எந்தப் படி என்று எட்டிப் பார்க்கிறான். பழைய படிகளின் தேய்மானத்தைப் பார்த்துப் பார்த்து, அதேபோலத் தேய்ந்து தெரியும்படி போன வாரம் அவனே செதுக்கிப் பொருத்திய கல்.

"அது நான் வச்ச கல்லுடி."

"ஆமா, கிழிச்சீங்க." அவள் திரும்பாமலே சிரிக்கிறாள்.

புதுக்கல் எது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, இந்த வேலையில் ஒவ்வொரு புதுக்கல்லிலும் ஒரு குறி கொத்துவார்கள். அவனும் கொத்தியிருக்கிறான். முகப்பின் அழகு கெடக்கூடாது என்று அடிப்பக்கத்தில் கொத்தினான். அது இப்போது மண்ணைப் பார்த்துக் கிடக்கிறது. அவள் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அந்த மகராசனின் படியை இன்னொருமுறை தடவுகிறாள்.